ஆர்டர் இல்லாத மூன்று மாதம்

வைகாசியில் கம்பெனிக்கு ஆர்டர் நின்றது.
செக்கிங் மேசைமேல் என் நாற்காலியைக் கவிழ்த்து வைத்தார்கள்.
கோயம்புத்தூரில் எழுதச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று,
கட்டணம் அறுபதாயிரம், தவணையும் உண்டாம்.
என்னிடம் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது.

பிறகு ஞாபகம் வந்தது,
டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை.

அந்த ராத்திரியே பாடத்திட்டம் போட்டேன்,
பழைய பேக்கிங் லிஸ்ட் ஒன்றில்.
எஸ், எம், எல், எக்ஸெல் என்று கட்டங்கள் தயாராக இருந்தன.
எஸ்ஸில் வினைச்சொல். எம்மில் நிலம். எல்லில் பேச்சு.
எக்ஸெல்லில் என்ன வைப்பதென்று தெரியவில்லை,
இன்னும் காலி.

வினைச்சொல்லுக்கு ஊத்துக்குளி.
ஒரு மத்தியானம் முழுக்கப் பெயர்ச்சொல் கூடாது.
எருமை, வெண்ணெய், ரயில்வே கேட், எதுவும்.
உருக்கினார்கள், வழித்தார்கள், முகர்ந்தார்கள்,
மூடினார்கள், காத்தார்கள், திறந்தார்கள்,
சொறிந்துகொண்டது, நகர்ந்தது.
பக்கம் நிறைந்ததும் படித்துப் பார்த்தேன்.
யாருமில்லாத ஊரில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.
பயந்துபோய்க் கடைசியில் ஓர் எருமையைச் சேர்த்தேன்.

நிலத்துக்குப் பல்லடம் தாண்டி.
காற்றாலையை எழுது, 'போல' போடாதே.
நாலு நாள் போனேன்.
காற்றாலை இருக்கிறது. சுற்றுகிறது.
பக்கத்துக் காற்றாலை சுற்றவில்லை.
இவ்வளவுதான் வந்தது, அதையும் அடித்தேன்.
ஐந்தாம் நாள், உச்சி தாண்டிய வெயில்.
கம்பத்தின் நிழல் ஓர் ஆட்டின் அகலம்.
அதற்குள் இருபது செம்மறிகள், ஒன்றன்பின் ஒன்று.
நிழல் திரும்பத் திரும்ப
வரிசையும் திரும்பியது.
மதிப்பெண் போட ஆளில்லாததால் நானே போட்டேன்:
அறுபத்திரண்டு.

பேச்சில்தான் தோற்றேன்.
காங்கேயத்திலிருந்து ராத்திரி எட்டு மணி வண்டி.
பக்கத்து வரிசையில் ஒருத்தர், சட்டையெல்லாம் தவிடு.
போனில்:
"சரிங்."
"இல்லீங், நான் எடுக்கலீங்."
"தப்புத்தானுங். இனிமே மாட்டனுங்."
"நாளைக்கிக் கட்டாயமுங்."
காதில் விழாத பாதியை எழுத வேண்டும், அதுதான் பயிற்சி.
நான் சாத்தூர்ப் பக்கம். எங்களுக்கு
இத்தனை 'ங்' வந்தால் ஒன்று கடன், இல்லையென்றால் போலீஸ்.
வட்டிக்காரனை எழுதினேன். நல்ல வட்டிக்காரன்.
மோதிரம், மடித்துவிட்ட கை,
"வண்டி சாவிய மேசைல வச்சுட்டுப் பேசு" என்று ஒரு வரி,
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.
படியூர் வந்தது. அவர் சொன்னார்:
"சேரீங் அம்மிணி. பல்லு வெளக்கிட்டுத் தூங்கோணும்.
வெக்கட்டுங்களா?"

பதினோரு வருஷம் இந்த ஊரில் சோறு தின்றிருக்கிறேன்.
நாற்காலியைக் கவிழ்த்த அன்றும் சூப்பர்வைசர்
"அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்" என்றார்.
அது எந்த 'ங்' என்று
வட்டிக்காரனை அடித்துக்கொண்டே யோசித்தேன்.
அந்த மனுஷன் என்னத்தை எடுக்கவில்லை?
ரப்பரா, கலர் பென்சிலா?
தூங்கவில்லை, அந்த ராத்திரி.

எழுதியதெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கம்.
ஒரு சீட்டுக்கு நாலு வரிக்குமேல் பிடிக்காது,
அது என் விதி இல்லை, போக்குவரத்துக் கழகத்தின் விதி.
பூஜ்யம் ரூபாய்ச் சீட்டுகள் நூற்று நாற்பது.
ஆவணியில் கம்பெனியிலிருந்து போன்.
"நாளையிலிருந்து வாறீங்களா?"
"வாரனுங்."

டப்பாவைத் திறந்து அடுக்க உட்கார்ந்தால்
முன்பக்கம் எல்லாமே வெளுத்திருந்தது.
ஏறிய ஊர், இறங்கிய ஊர், தேதி, அந்தப் பூஜ்யம்.
எந்த நாலு வரி எந்த வழியில் எழுதியது,
ஒன்றும் தெரியவில்லை.
கைக்கு வந்தபடி வைத்துக்கொண்டு போனேன்.

எருமை இப்போது காற்றாலைக்கடியில் நிற்கிறது,
செம்மறிகளுக்குப் பின்னால், பாதி உடம்பு வெயிலில்.
தப்புதான்.
நிற்கட்டும்.